சந்திப்புக்கும் சந்திப்புக்கும் இடையே
மனச்சோர்வுச் சிகிச்சையில் அன்றாடப் பழக்கங்களின் இடம்: வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் முன்வைத்து ஒரு பார்வை

மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர் உளமருத்துவரையோ உளவளத்துணையாளரையோ கூடிப்போனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் சந்திக்கிறார். அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் அந்தச் சந்திப்பு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதுண்டு. வாரத்தின் எஞ்சிய 167 மணி நேரமும் வீட்டிலும் வேலையிடத்திலும் தெருவிலுமே கழிகிறது. அந்த நேரத்தில் அவர் எத்தனை மணிக்கு எழும்புகிறார், எதை உண்கிறார், யாரோடு பேசுகிறார், எவ்வளவு தூரம் நடக்கிறார், எப்போது கண்ணயர்கிறார் என்பவையெல்லாம் சிகிச்சைக்கு வெளியே நிற்கும் சில்லறை விடயங்களாகவே நெடுங்காலம் கருதப்பட்டன. 1970களிலிருந்து திரண்டுவந்த ஆய்வுகள் அந்தக் கருத்தை மாற்றியுள்ளன. தன்னைத்தானே பேணிக்கொள்ளும் இப்பழக்கங்கள், அதாவது தற்பராமரிப்பு, குளிசைக்கும் உளவளத்துணைக்கும் மாற்றாகாவிட்டாலும், அவ்விரண்டும் வேரூன்றுவதற்கான நிலத்தை அமைத்துக் கொடுக்கின்றன என்பதே இன்று உளமருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்டிருக்கும் நிலைப்பாடு.

ஆயினும் இந்த நிலைப்பாடு தமிழ் வீடுகளுக்குள் வரும்போது இரு வகையாகத் திரிந்துபோகிறது. ஒருபுறம், 'காலையில் நடந்தால் போதும், கோயிலுக்குப் போனால் போதும், குளிசை எதற்கு' என்று பழக்கங்களே சிகிச்சையின் இடத்தில் வைக்கப்படுகின்றன. மறுபுறம், நோயாளியால் நடக்கவோ குளிக்கவோ முடியாதபோது 'முயற்சி செய்தால்தானே' என்ற குற்றச்சாட்டாக அதே அறிவுரை திருப்பப்படுகிறது. முதலாவது நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிடுகிறது. இரண்டாவது நோயின் அறிகுறி ஒன்றையே நோயாளியின் குணக்குறையாகக் காண்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பாதையைக் கொழும்பின் இரு தமிழ்ப் பகுதிகளின் வாழ்முறையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு பகுதிகள், பல சுமைகள்

காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையே தொடர்மாடிகள் நெருங்கி நிற்கும் வெள்ளவத்தையில், பிள்ளைகள் லண்டனிலும் டொரொன்டோவிலும் குடியேறிவிட, மூன்றாம் மாடியிலோ நான்காம் மாடியிலோ தனித்திருக்கும் முதியோர் பலர். படிப்புக்காகவும் வேலைக்காகவும் வெளிநாட்டுப் பயணத்துக்கான காத்திருப்புக்காகவும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து அறையெடுத்துத் தங்கியிருப்போரும் பலர். துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் ஒட்டிய கொட்டாஞ்சேனையின் வாழ்க்கை வேறு விதமானது: 'தோட்டம்' என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே அறைக்குள் மூன்று தலைமுறைகள் வாழும் குடும்பங்கள் அங்குண்டு, மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பும் பொறுப்பைச் சிறு வயதிலேயே ஏற்றுக்கொண்ட இளைஞர்களும் உண்டு. முதற்பகுதியில் தனிமையும், இரண்டாம் பகுதியில் தனித்திருக்க ஓர் இடமின்மையும் மனத்தை அழுத்துகின்றன.

இவற்றுக்கு மேல் நகரின் பொது நினைவுகளும் சேர்ந்துள்ளன. 1983 ஜூலை வன்செயல்கள் கொழும்புத் தமிழரின் ஒரு முழுத் தலைமுறையிடம் இழப்பின் தடத்தை விட்டுச் சென்றன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு கொட்டாஞ்சேனைச் சூழலின் குடும்பங்களை நேரடியாகத் தாக்கியது. 2022 பொருளாதார நெருக்கடி சேமிப்பையும் தொழிலையும் கரைத்தது. இழப்பைச் சந்தித்தோர் அனைவரும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாவதில்லை. எனினும் மரபியல் நாட்டம், உடல்நோய், வறுமை, தனிமை ஆகியவற்றோடு இழப்பும் கூடும்போது நோய் தோன்றும் வாய்ப்பு அதிகரிக்கிறது.

சாதாரணத் துயரத்திலிருந்து இந்நோயை வேறுபடுத்துவது அதன் கால அளவும் பரப்புமாகும். தாழ்ந்த மனநிலையோ, எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதியில், ஏறக்குறைய எல்லா நாட்களிலும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, அவற்றோடு தூக்கம், பசி, உடற்சக்தி, கவனம், தன்மதிப்பு ஆகியவையும் குலையும்போது அது மனச்சோர்வு நோய் என வரையறுக்கப்படுகிறது. உலகில் ஏறத்தாழ 280 மில்லியன் பேர் இந்நோயோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. தமிழ் நோயாளிகள் கிளினிக்கில் 'மனம் சோர்ந்திருக்கிறது' என்று சொல்வதைக் காட்டிலும் 'நெஞ்சுக்குள் பாரம்', 'உடம்பெல்லாம் அலுப்பு', 'தலையிடி', 'ஒரே யோசனை' என்று சொல்வதே வழக்கம். அடிக்கடி வரும் பெருமூச்சும் இவ்வகையான ஒரு வெளிப்பாடே என்பதை யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தம் எழுத்துகளில் பதிவு செய்துள்ளார். உடலின் மொழியில் நோய் பேசுவதால் பலர் நெஞ்சுப் படமும் ஸ்கானும் எடுத்துத் திரிந்த பின்னரே உளமருத்துவரிடம் வந்து சேர்கின்றனர்.

செயலிலிருந்து தொடங்குதல்

நாட்டமின்மை ஒருவரைச் செயல்களிலிருந்து விலக்குகிறது. செயல்கள் குறையும்போது அவற்றால் கிடைக்கும் சிறு மகிழ்ச்சியும் நிறைவும் மனிதத் தொடர்பும் நின்றுபோகின்றன. அவை நின்றதும் மனநிலை மேலும் தாழ, விலகல் இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூவின்சன் விளக்கினார். மனம் தெளிந்த பின் செயலில் இறங்கலாம் என்று காத்திருப்பவருக்கு அந்தத் தெளிவு வருவதில்லை என்பதும், சிறு செயல்களை முன்கூட்டியே நேரம் குறித்துச் செய்யத் தொடங்கினால் மனநிலை பின்னால் மெல்லத் தொடர்கிறது என்பதும் அவ்விளக்கத்திலிருந்து பிறந்த 'செயலூக்கச் சிகிச்சை'யின் அடிப்படை.

தெற்காசியச் சூழலில் இச்சிகிச்சையின் வலிமையைக் காட்டியது கோவாவில் நடந்த ஆய்வு. உளமருத்துவர் விக்ரம் பட்டேலும் 'சங்கத்' அமைப்பினரும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் மிதமான நிலையைத் தாண்டிய மனச்சோர்வுடைய 495 பேரைத் தெரிவுசெய்து, ஒரு பகுதியினருக்கு வழமையான கவனிப்பை மட்டுமே வழங்க, மறுபகுதியினருக்கு அதனோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொண்ட செயலூக்கத் திட்டத்தையும் வழங்கினர். அந்த அமர்வுகளை நடத்தியவர்கள் மருத்துவரோ உளவியலாளரோ அல்லர். உளநலத் துறையில் முன்பயிற்சி ஏதுமின்றி, இதற்கெனவே பயிற்றுவிக்கப்பட்ட உள்ளூர் மக்கள். 2017இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாதங்களின் பின் திட்டத்தில் சேர்ந்தோரில் 64 சதவீதத்தினரும் வழமையான கவனிப்பை மட்டும் பெற்றோரில் 39 சதவீதத்தினரும் நோயிலிருந்து விடுபட்டிருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த ஆய்வொன்று, இளநிலை உளநலப் பணியாளர் வழங்கிய செயலூக்கச் சிகிச்சை, தேர்ந்த சிகிச்சையாளர் வழங்கிய சிந்தனை நடத்தைச் சிகிச்சைக்கு, அதாவது எண்ணப்போக்கையும் நடத்தையையும் ஒருசேரச் சீராக்கும் முறைக்கு, பலனில் குறைந்ததன்று எனக் காட்டியது.

நடைமுறையில் இது ஒரு கொப்பித் தாளில் தொடங்குகிறது. தாளை நான்கு நிரல்களாகப் பிரித்து, முதல் நிரலில் நேரத்தையும், இரண்டாவதில் செயலையும், மூன்றாவதில் அச்செயல் எவ்வளவு நிறைவு தரும் என்று முன்கூட்டி நினைக்கும் மதிப்பையும், நான்காவதில் செய்துமுடித்த பின் உணர்ந்த மதிப்பையும் 0 முதல் 10 வரையான எண்களில் எழுத வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வாழும் ஒருவரின் முதல் வாரத் தாளில் இவ்வளவு இருந்தாலே போதும்: காலை 6.30க்கு எழும்பி முகம் கழுவுதல், 7 மணிக்குப் படியிறங்கிச் சந்திக் கடையில் பாண் வாங்கி வருதல், 11 மணிக்குத் தேத்தண்ணிக் கோப்பைகளை மட்டும் கழுவி வைத்தல், மாலை 5.30க்கு மரைன் டிரைவில் பத்து நிமிடம் நடத்தல். பாண் வாங்கப் போவதற்கு முன் '1' என்று எழுதியவர் திரும்பி வந்து '3' என்று எழுத நேர்வதுண்டு. நோய் எதிர்காலத்தை உள்ளதைவிடக் கறுப்பாகக் காட்டுகிறது என்பதற்கு அந்த இரண்டு எண்களின் இடைவெளியே அவர் தம் கையால் எழுதிய சான்றாகிறது. பிறர் சொல்லும் எந்த ஆறுதலும் தராத நம்பிக்கையை அது தரக்கூடும்.

இத்தாளை எழுதும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. செயல் மிகச் சிறியதாக இருக்க வேண்டும்: 'வீட்டை ஒழுங்குபடுத்துதல்' என்பது மலைப்பைத் தரும், 'மேசையின் ஒரு மூலையைத் துடைத்தல்' என்பது முடிந்துவிடும். அது மனநிலையோடு அல்லாமல் நேரத்தோடு பிணைக்கப்பட வேண்டும். செய்ய முடியாமற்போன நாளில், அதைத் தோல்வியாகக் கணக்கிடாமல், மறுநாள் அச்செயலைப் பாதியாகக் குறைத்து எழுத வேண்டும். மகிழ்ச்சி தரும் செயல்களோடு, மின்சாரக் கட்டணம் செலுத்துவது போன்று நிறைவு தரும் செயல்களும் கலந்திருப்பது நல்லது. தள்ளிப்போட்ட வேலைகள் குவிவதும் மனச்சோர்வுக்குத் தீனியாகின்றது.

நடையும் பகலொளியும்

உடற்பயிற்சி பற்றிய ஆய்வுகளில் பெரிதும் பேசப்பட்டது, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் 50 வயதைக் கடந்த 156 நோயாளிகளிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு. வாரம் மூன்று முறை பயிற்சி செய்தோரும், செட்ராலின் என்னும் மனச்சோர்வு மருந்தை உட்கொண்டோரும், இரண்டையும் சேர்த்துப் பெற்றோரும் 16 வாரங்களின் முடிவில் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தனர்; ஆனால் தொடக்க வாரங்களில் மருந்தே விரைவாகப் பலன் தந்தது. 2024இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 218 ஆய்வுகளையும் 14,170 பங்கேற்பாளரையும் ஒருங்கே நோக்கி, நடை, மெல்லோட்டம், யோகாசனம், தசைவலுப் பயிற்சி ஆகியவை குறிப்பிடத்தக்க பலன் தருவதாகக் கண்டது. அதேவேளை, அச்சான்றுகளில் பல உறுதி குறைந்தவை என்பதையும் அதன் ஆசிரியர்கள் மறைக்கவில்லை. எனவே நடையைச் சிகிச்சையின் துணையாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் உண்டு. தீவிர மனச்சோர்வில் மருந்தைக் கைவிட்டு நடக்குமாறு கூறுவதற்கு இல்லை.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம் நீள்கிறது. குளிர்நாடுகளின் மாரிகால மனச்சோர்வுக்கு இங்கு இடமில்லை. ஆயினும் தொடர்மாடியின் உள்ளறையில் திரைச்சீலையை மூடிப் படுத்திருப்பவருக்கும், விடியுமுன் கடைக்குள் நுழைந்து இருட்டிய பின் வெளியே வருபவருக்கும் அந்த வெளிச்சம் கிட்டுவதில்லை. காலை ஒளி கண்ணில் படுவது உடலின் நாட்கடிகாரத்தை, அதாவது தூக்கத்தையும் விழிப்பையும் ஹோர்மோன் சுரப்பையும் ஒழுங்குபடுத்தும் உள் அமைப்பை, நேர்ப்படுத்துகிறது என்பதால், ஏழு மணிக்கு முந்தைய நடை வெக்கைக்குத் தப்புவதோடு இன்னொரு நன்மையையும் தருகிறது. வெள்ளவத்தையினருக்குத் தண்டவாளத்தை ஒட்டிய கடலோர வீதி உண்டு. கொட்டாஞ்சேனையில் அத்தகைய திறந்தவெளி குறைவு. அங்கு காலைப் பூசைக்கோ திருப்பலிக்கோ முச்சக்கரவண்டியைத் தவிர்த்து நடந்து போய்வருவதும், ஞாயிறு மாலையில் காலிமுகத்திடலுக்குச் செல்வதும் எட்டக்கூடியவை. இருதய நோயோ கட்டுப்படாத நீரிழிவோ உள்ளவர் பயிற்சியைத் தொடங்குமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

தூக்கத்தின் ஒழுங்கு

மனச்சோர்வு பலருக்கு விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழிப்பைத் தந்து, பிறகு யோசனையில் ஆழ்த்துகிறது. வேறு சிலரைப் பகலெல்லாம் படுக்கையிலேயே கிடத்துகிறது. தூக்கமின்மைக்கான உளவியற் சிகிச்சையின் விதிகள் எளியவை: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழும்புதல், படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துதல், இருபது நிமிடமளவு தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது திரும்புதல், பகல் தூக்கத்தைக் குறுக்குதல். தனிப் படுக்கையறை இல்லாத கொட்டாஞ்சேனை வீட்டில் இரண்டாம் விதி பொருந்தாதது போலத் தோன்றலாம். ஆனால் எழும்பியவுடன் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தும் பழைய வழக்கம் அவ்விதி கேட்பதையே செய்கிறது. பாய் விரிந்திருக்கும் நேரம் தூக்கத்துக்கும், சுருண்டிருக்கும் நேரம் விழிப்புக்கும் உரியதாகிவிடுகிறது.

வெள்ளவத்தை வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு தனிக் காரணம் கடல் கடந்த உறவு. லண்டனில் இரவு 8 மணிக்கு வேலை முடிந்து பிள்ளை வட்ஸ்அப்பில் அழைக்கும்போது கொழும்பில் கோடைகாலத்தில் 12.30, குளிர்காலத்தில் 1.30 ஆகிவிடுகிறது. அந்த அழைப்புக்காக விழித்திருக்கும் தாயின் நாட்கடிகாரம் வாரந்தோறும் குலைகிறது. அதே பிள்ளை மதிய இடைவேளையில் 1 மணிக்குப் பேசினால் இங்கு மாலை 5.30 அல்லது 6.30. அழைப்பு நேரத்தை மாற்றிக்கொள்வது குடும்பம் வெளிநாட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய பராமரிப்பு, செலவும் இல்லை. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனில் பாதி உடலைவிட்டு அகல ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுப்பதால், மாலைத் தேத்தண்ணியை நான்கு மணியோடு நிறுத்துவதும் உதவும். தூக்கத்துக்கென்று அருந்தும் சாராயம் முதலில் கண்ணை மூடச்செய்தாலும் பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டாடுவதோடு, மனநிலையைத் தாழ்த்தி, மருந்துகளோடும் முரண்படுகிறது.

தட்டில் உள்ளவை

உணவால் மட்டும் மனச்சோர்வு நீங்கும் என்பதற்குச் சான்றில்லை. உணவு துணைபுரியும் என்பதற்கு உண்டு. அவுஸ்திரேலியாவில் ஃபெலீஸ் ஜக்கா குழுவினர் 67 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், வழமையான சிகிச்சையோடு 12 வாரம் உணவு ஆலோசனை பெற்றோரில் மூன்றில் ஒரு பங்கினரளவு நோயிலிருந்து விடுபட, பேச்சுத்துணை மட்டும் பெற்றோரில் அது நூற்றுக்கு எட்டாக இருந்தது. சிறிய ஆய்வாகையால் அதன் எண்களைப் பெரிதுபடுத்தலாகாது. எனினும் அதில் பரிந்துரைக்கப்பட்ட மரக்கறி, பருப்பு, தவிடு நீக்காத தானியம், மீன் என்பவை ஈழத்துச் சமையலுக்குப் புதியவையல்ல. சிவப்பரிசி, குரக்கன், பருப்பு, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, சூடை, சாளை ஆகிய யாவும் சந்தையில் கிடைக்கின்றன. மனச்சோர்வுடையவருக்குப் பெரும் இடர் சமைக்க எழும்ப முடியாமையே ஆகையால், எதை உண்பது என்ற ஆராய்ச்சியைவிட வேளை தவறாமல் எதையேனும் உண்பதே முதற்படி. கடையில் வாங்கிய இடியப்பமும் வீட்டில் வைத்த பருப்பும் அந்த நாளுக்குப் போதும்.

இங்கு ஒரு மருத்துவ எச்சரிக்கையும் உண்டு. தைரொயிட் சுரப்புக் குறைவு, இரத்தச்சோகை, விற்றமின் பி12 குறைபாடு ஆகியவை மனச்சோர்வை ஒத்த அறிகுறிகளைத் தரக்கூடும். நெடுங்காலமாகச் சைவ உணவையே உண்டு, பாலும் அதிகம் சேர்க்காத முதியோரிடம் பி12 குறைபாட்டுக்கான வாய்ப்புக் கூடுதல். எளிய இரத்தப் பரிசோதனையால் தெரிந்துவிடக்கூடிய காரணம் ஒன்றைப் பழக்கங்களால் சரிசெய்ய முயல்வது வீண் அலைச்சல்.

மூச்சும் செபமும்

மனச்சோர்வை நீடிக்கச் செய்வதில், நடந்து முடிந்ததையும் தன் குறைகளையும் திரும்பத் திரும்ப மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கும் இயல்புக்குப் பெரும் பங்குண்டு என்று உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா 1990களில் எடுத்துக்காட்டினார். இந்த யோசனைச் சங்கிலியை விவாதித்து அறுக்க முயன்றால் அது மேலும் நீள்கிறது. கவனத்தை மூச்சுக்கோ ஒரு சொல்லுக்கோ மெல்லத் திருப்பும்போது தளர்கிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய தயா சோமசுந்தரம், மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த வழிபாட்டு முறைகளையே இதற்குப் பயன்படுத்தினார். சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி என அவரவர் மரபிலிருந்தே மனத்தளர்வுப் பயிற்சியை எடுத்துக்கொடுப்பது அவரது அணுகுமுறை. அறிமுகமற்ற ஒரு உத்தியைக் கற்கும் சுமை அதில் இல்லை. மருத்துவம் நம்பிக்கையோடு மோதுவதும் இல்லை.

பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும் புனித லூசியாள் பேராலயமும் தீபதுத்தாராமயவும் பள்ளிவாசல்களும் அருகருகே அமைந்த கொட்டாஞ்சேனைச் சூழலுக்கு இந்த அணுகுமுறை மிகவும் பொருந்தும். காலையும் மாலையும் பத்து நிமிடம், முதுகு நிமிர்த்தி அமர்ந்து, மூச்சை மெல்ல உள்ளிழுத்து அதைவிட மெதுவாக வெளியே விட்டு, ஒவ்வொரு வெளிமூச்சோடும் தமக்குரிய சொல்லை மனத்துள் சொல்வது ஒரு தொடக்கம். வழிபாட்டை 'பாவத்துக்குத் தண்டனை', 'செய்வினை' போன்ற அச்சங்களோடு பிணைத்துவிட்டால் மட்டும் அது எதிர்ப்பலன் தரும்; குற்றவுணர்வே நோயின் அறிகுறியாக உள்ளவரிடம் அத்தகைய பேச்சு தீங்கு விளைவிக்கும். கண்ணை மூடினால் கொடிய நினைவுகள் பெருகிவரும் போர்க்காலப் பாதிப்புடையோர், கண்ணைத் திறந்து நடந்தபடியே இதைச் செய்வதும் சிகிச்சையாளரின் துணையோடு தொடங்குவதும் பாதுகாப்பானது.

வீட்டாரின் பங்கு

தற்பராமரிப்பு என்ற பெயர் ஒருவர் தனித்துச் செய்யும் காரியம் என்ற எண்ணத்தைத் தந்தாலும், மனச்சோர்வின் தொடக்க வாரங்களில் அதைப் பாதிக்குப் பாதி சுமப்பவர்கள் வீட்டாரே. லண்டனில் கிறிஸ்டின் வோனும் ஜூலியன் லெஃபும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, குறைகூறும் பேச்சு மிகுந்த வீட்டில் வாழும் நோயாளிக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. அது மனச்சோர்வு நோயாளிக்கும் பொருந்தியது. 'எழும்பி நடவுங்கோ அம்மா, எல்லாம் சரிவரும்' என்று அறை வாசலில் நின்று சொல்வதற்கும், 'நான் சந்தைக்குப் போறன், நீங்களும் வாங்கோ, பை பிடிக்க ஆள் வேணும்' என்று செருப்பை எடுத்து வைப்பதற்கும் வேறுபாடு பெரிது. முன்னது கட்டளை; பின்னது துணை.

அறையெடுத்துத் தனித்து வாழ்பவருக்கு வீட்டாரின் இடத்தை வேறெவரேனும் நிரப்ப வேண்டும். 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வெள்ளவத்தை நூலகத்தில் நாளிதழ் வாசிக்கப் போய் அமர்வதும், இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்துக் கூட்டமொன்றில் பின்வரிசையில் இருந்துவிட்டு வருவதும், அதிகம் பேசாமலே மனிதரிடையே இருக்கும் வாய்ப்புகள். தொலைபேசியில் பிறர் வாழ்வின் படங்களை மணிக்கணக்கில் தள்ளிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

சிகிச்சையோடு பிணைத்தல்

கால் முறிவுக்குக் கட்டுப் போட்ட பின் எலும்பியல் வைத்தியர் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுப்பது கட்டைக் கழற்றிவிடுவதற்காக அல்ல என்பதுபோல், பழக்கங்கள் சீராவதும் குளிசையை நிறுத்துவதற்கான காரணமாகாது. மனச்சோர்வு மருந்துகளின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் எடுக்கும். குணமான பின்னும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடருமாறு வழமையாக அறிவுறுத்தப்படுகிறது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் தோன்றலாம். நிறுத்துவதும் குறைப்பதும் வைத்தியரின் முடிவாகவே இருக்க வேண்டும். மேலே குறிப்பிட்ட கொப்பித் தாளைக் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோனால், சில நிமிடச் சந்திப்பிலும் கடந்த மாதத்தின் தூக்கம், நடை, மனநிலை ஆகியன ஒரே பார்வையில் வைத்தியருக்குத் தெரிந்துவிடும். ஒன்பது கேள்விகளாலான பீ.எச்.கியூ-9 என்னும் வினாக்கொத்தின் மொத்தப் புள்ளி, 0 முதல் 27 வரையான அளவில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை இரு வாரத்துக்கு ஒருமுறை குறித்து வருவதும் பயன்தரும்.

ஒருமுறை மனச்சோர்வு வந்து போனவருக்கு அது மீண்டும் வரும் வாய்ப்புக் கணிசமானது என்பதால், தெளிந்திருக்கும் காலத்திலேயே தமக்குரிய முன்னறிகுறிகளை எழுதி வைப்பது அறிவுடைமை. ஒருவருக்கு அது அதிகாலை விழிப்பாக இருக்கும். இன்னொருவருக்குத் தொலைபேசி அழைப்புகளை எடுக்காமல் விடுவதாக இருக்கும். அவற்றில் இரண்டு ஒருங்கே தோன்றினால் யாரிடம் சொல்வது, எந்தக் கிளினிக்குக்குப் போவது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம், உணவையும் நீரையும் மறுத்தல், பிறர் கேளாத குரல்கள் கேட்டல் ஆகியவை தோன்றினால் பழக்கங்களைப் பற்றிப் பேசும் கட்டம் கடந்துவிட்டது. உடனடி மருத்துவ உதவியே தேவை. அங்கொடையிலுள்ள தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும், 1333 என்ற கட்டணமில்லா ஆலோசனை இலக்கமும், 1990 என்ற சுவசெரிய நோயாளர் காவுவண்டிச் சேவையும் அதற்கென உள்ளன. ஜோன் டி மெல் 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள், தீர்ப்பு வழங்காமல் செவிகொடுப்பதையே பணியாகக் கொண்டவர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலை வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் கட்டணமின்றி இயங்குகின்றன. 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாகப் பயன்படுத்தும் வழக்கமும், மகளின் திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்ற அச்சமும் பலரை இவ்வாசல்களுக்கு மாதக்கணக்கில் தாமதித்தே வரச்செய்கின்றன. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பழக்கங்களை மீட்டெடுப்பதைக் கடினமாக்குகிறது.

எஞ்சும் இடர் மொழியும் ஆளணியும் சார்ந்தது. தமிழில் தம் துயரைச் சொல்லி, தமிழிலேயே மறுமொழி பெறக்கூடிய உளமருத்துவரும் உளவளத்துணையாளரும் தலைநகரில் தேவைக்குக் குறைவாகவே உள்ளனர். அந்த எண்ணிக்கை விரைவில் பெருகப்போவதும் இல்லை. கோவா ஆய்வின் பாடம் இங்கேதான் பெறுமதி பெறுகிறது. செயலூக்க அமர்வுகளை நடத்த மருத்துவப் பட்டம் தேவையில்லை; முறையான பயிற்சியும், தொடர்ந்த மேற்பார்வையும், கடுமையான நோயை இனங்கண்டு வைத்தியசாலைக்கு அனுப்பும் ஏற்பாடும் இருந்தால் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரோ பங்குமன்ற உறுப்பினரோ அதைச் செய்ய இயலும். மண்டபங்களும் நூலகமும் ஆலய அறங்காவலர் சபைகளும் பங்குத்தளங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இவ்விரு பகுதிகளிலும் ஏற்கெனவே உள்ளன. அன்னதானத்துக்கும் திருவிழாவுக்கும் ஆள் சேர்க்கும் அதே அமைப்புகள், உளமருத்துவப் பிரிவு ஒன்றோடு உடன்பட்டு, பத்துப் பேரைப் பயிற்றுவிப்பதில் தொடங்கினால், நோயாளியிடம் நாம் கேட்கும் சிறு முதற்படியைச் சமூகமும் தன் பங்குக்கு எடுத்து வைத்ததாகும்.